இரண்டு பேர் தூக்கும் கல்

கண்ணாடிக்கடை அக்காவின் தம்பி வீட்டைக் காலி செய்துகொண்டு போனது ஒரு வியாழக்கிழமை. அன்றைக்கு ஓடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் போனதற்குக் காரணமே அதுதான்.

நான் நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்து, அந்தத் தெருவில் ஒரு மாடி அறைக்குக் குடிவந்த புதிது. கீழே வீட்டுக்காரி, கண்ணாடிக்கடை அக்கா. கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுப்பவள். தெருவே அவளை அக்கா என்று கூப்பிட்டது. கூடப் பிறந்தவன் என்று இருந்தது அந்த ஒரு தம்பிதான். எலக்ட்ரீஷியன். தெருக்கோடிப் பள்ளத்தில் அவன் வீடு.

தெருவுக்கு மேலே ஒரு மொட்டைச் சரிவு. பெய்கிற மழையெல்லாம் அதை அரித்துக்கொண்டு நேராகச் சாலைச் சாக்கடையில் போய் விழும். ஓடை வற்றிப் பல வருடமாகி, கிணறுகளில் வாளி தரையைத் தட்டத் தொடங்கியபோது, அக்காதான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆள் சேர்த்தாள். வந்தவர்கள் அவரவர் வாசலில் ஓடையைத் தோண்டினார்கள். அடுத்த மழை மேலிருந்து மண்ணை அள்ளிவந்து எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போனது.

"ஆசை தீர்ந்துச்சா? இப்ப மேல வாங்க" என்றாளாம் அக்கா.

அரித்த பள்ளத்துக்குக் குறுக்கே வரிசை வரிசையாகக் கல் அடுக்கி, ஓடுகிற தண்ணீரைத் தயங்கவைப்பதுதான் வேலை. கல் விஷயத்தில் மட்டும் அவள் கறார். "ஒரு ஆள் தூக்கற கல்லை மழையும் தூக்கிடும். ரெண்டு பேர் பிடிக்கற கல்லா எடுங்க." அவள் பிடிக்கிற கல்லுக்கு மறுபக்கம் எப்போதும் தம்பிதான்.

வேலை பாதியில் இருக்கும்போதே சொல்லியிருக்கிறாள். "டேய், ஓடை வந்தா பழைய வழியிலதான் வரும். நீ வீடு கட்டியிருக்கறது அந்த வழியிலதான்."

"வரட்டுமே. வாசல்லயே நிக்கவைக்காம காபி கொடுத்து அனுப்பறேன்."

நான் குடிவந்த மழைக்காலத்தில் ஓடை வந்தது. வெள்ளம் என்று சொல்ல முடியாது. தம்பி வீட்டு முன்கதவுக்கு அடியில் நுழைந்து, சமையலறையில் கணுக்கால் அளவுக்கு நின்று, பின்கதவு வழியாகச் சத்தமில்லாமல் வெளியேறியது. மழை விட்ட பிறகும் ஓடியது. தெருவில் எல்லாக் கிணறும் ஊறின.

தம்பியும் அவன் மனைவியும் ஈரக்காலோடு அக்காவின் கூடத்தில் வந்து நின்றார்கள். மாடிப்படியில் இருந்த எனக்குக் கேட்டது.

"மேல மூணு வரிசையைப் பிரிச்சாப் போதும் அக்கா. தண்ணி பழையபடி சாலைப் பக்கம் போயிடும்."

"அப்புறம் கிணறெல்லாம்?"

"ஊர்க் கிணறு பெருசா, நான் பெருசா?"

அக்கா ஒரு துண்டை எடுத்து அவனிடம் நீட்டினாள். "இங்கயே வந்து இருங்கடா. மாடியைக்கூடக் காலி பண்ணித் தர்றேன்" என்றாள். மேலே குடியிருக்கிற என்னிடம் ஒரு வார்த்தை கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

"வேண்டாம் அண்ணி" என்றாள் தம்பி மனைவி. "இங்க இருந்தா தினமும் உங்க ஓடையைத்தான் வேடிக்கை பார்த்துக்கிட்டு இருக்கணும்."

வியாழக்கிழமை லாரி வந்தது. கட்டிலின் ஒரு பக்கத்தைத் தம்பி பிடித்தான். மறுபக்கத்தை அக்கா போய்ப் பிடித்தாள். இருவருமாகத் தூக்கி ஏற்றினார்கள். போகும்போது அவன் பழக்க தோஷத்தில் கதவைப் பூட்டினான். அந்தப் பூட்டு இன்னும் தொங்குகிறது. தண்ணீரைத் தவிர யாரும் உள்ளே போவதில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆள் குறைந்தது. "தண்ணிதான் வந்துருச்சே அக்கா, இனி என்ன வேலை?" என்று பிரியமாகவே கேட்டுவிட்டு உள்ளே போனார்கள். அக்கா டிபன் பாக்ஸோடு தனியாகச் சரிவேறுவதை நான் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். கடையில் வேலை ஓயும்போது தம்பிக்குப் போன் போடுவாள். மணி அடித்து ஓயும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த லென்ஸை எடுப்பாள்.

ஒரு ஞாயிறு நானும் கூடப் போனேன். மேல் வரிசையில் ஒரு கல் சரிந்து கிடந்தது. அந்த இடத்தைச் சின்னக் கற்களால் அடைத்திருந்தாள். பெய்கிற ஒவ்வொரு மழையும் அவற்றை உருட்டிக்கொண்டு போகும். அவள் மறுபடி பொறுக்கி அடைப்பாள். நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன்.

"அந்த மூணு வரிசையைப் பிரிச்சுக் கொடுத்திருக்கலாம்னு தோணலையாக்கா?"

"தோணுச்சே. அவன் போன மறுநாள் பிரிச்சுடறதுன்னே கிளம்பி வந்தேன்." சிரித்தாள். "ஒரு கல்லைக்கூட என்னால தனியா அசைக்க முடியலை."

அவள் கையிலிருந்த சின்னக் கல்லை இடுக்கில் வைத்து, உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

இன்னும் இரண்டு மழைக்காலம் போனது. ஒரு மதியம் கடையில், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அக்கா போனை என்னிடம் நீட்டினாள். தான் படித்தது சரிதானா என்று தெரியவேண்டுமாம். தம்பி எழுதியிருந்தான்:

"அக்கா, நாங்க இருக்கற தெருவுக்கு மேலயும் ஒரு சரிவு அரிச்சுக் கிடக்கு. ஆளுங்க சின்னச் சின்னக் கல்லாப் பொறுக்கிட்டு வர்றாங்க, சொன்னாக் கேக்கமாட்டேங்கறாங்க. நல்ல பெரிய கல்லு ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். மறுபக்கம் பிடிக்க நீ வா."