உறக்கத்தில் இறந்தவருக்கு எழுதிய பாட்டு

இங்கே சொல்லப்போகும் நிகழ்ச்சிகள் தொடங்குவதற்கு முன் விருதுநகரில் என் நிலை என்ன என்பதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். நான் கல்லூரியில் ஆங்கிலத் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் இலக்கியக் கழகத்தின் தலைவராகவும் இருந்தேன். இவ்விரண்டையும்விட, இந்த வட்டாரத்தில் இரங்கற்பா எழுதுபவன் என்றே நான் அறியப்பட்டேன். வசதியுள்ள வீட்டில் ஒருவர் இறந்தால், பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்களுக்குப் படத்தோடு கூடிய பாட்டுத்தாள் ஒன்றை அச்சிட்டுக் கொடுப்பது இங்கு வழக்கம். அந்தப் பாட்டு என் கையால் வரவேண்டும் என்று வத்தல் மண்டிக்காரர்களும் எண்ணெய் வணிகர்களும் பட்டாசு முதலாளிகளும் என் வாசலில் காத்திருந்திருக்கிறார்கள். எத்தனையோ வீடுகளின் கூடத்தில் என் பாட்டு கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அதன் அடியில் என் பெயரும் பட்டங்களும் இருக்கும். யாரும் அவற்றில் குறை கண்டதில்லை.

ஓய்வுக்குப் பின் நான் போலந்து நாட்டுக் கவிஞர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தேன். கல்லூரி நூலகம் கழித்து ஒதுக்கிய புத்தகங்களுக்கிடையே அவருடைய கவிதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பு கிடந்தது. முதலில் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. உவமை இல்லை, ஓசை இல்லை, நிறுத்தற்குறிகூட இல்லை. சமையலறையில் யாரோ தனக்குத்தானே பேசிக்கொள்வது போல் இருந்தது. பின்பு அவருடைய வாழ்க்கையைப் படித்தேன். இளைஞராக இருந்தபோது போர் வந்தது. தம்முடன் படித்தவர்களை அவர் தம் கையாலேயே புதைத்தார். போர் முடிந்து எழுத உட்கார்ந்தபோது, தமக்குக் கற்பிக்கப்பட்ட அழகுகள் அனைத்தும் அந்தப் பிணங்களின்மீது போர்த்தப்பட்ட பட்டுத்துணியாக அவருக்குத் தெரிந்தன. துணியை எடுத்துவிட்டார். தலைநகருக்குப் போகாமல் புகையும் தூசியும் நிறைந்த தொழில் நகரம் ஒன்றிலேயே தங்கி எழுதினார்.

அவர் நாடகங்களும் எழுதினார். நான் தமிழாக்கியது அவற்றுள் ஒன்று. அதில் எவருக்கும் பெயர் கிடையாது. ஓர் ஊரில் போரில் இறந்தவர்களுக்கு நினைவுத்தூண் திறக்கிறார்கள். மேயர் பேசுகிறார், பாதிரியார் பேசுகிறார், பள்ளித் தலைமையாசிரியர் பேசுகிறார். மேடையின் ஓரத்தில் இறந்தவன் ஒருவனின் தாய் நின்று, என் மகனின் காலணி எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஒவ்வொருவரும் அவளுக்கு ஒரு பேச்சைக் கொடுக்கிறார்கள். காலணியை யாரும் கொடுப்பதில்லை. நாடகம் முடிந்துவிடுகிறது. இதைத் தமிழாக்க எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. அலங்காரத்தை எழுதுவது எனக்குக் கை வந்தது. எழுதாமல் இருப்பது வரவில்லை.

கழகத்தில் அவரைப் பற்றி நான் தொடர்ந்து உரையாற்றினேன். கூட்டம் சிரித்தது.

"சார், போலந்துக்கு நம்ம வத்தல் போகுதா?" என்று மண்டிக்காரர் ஒருவர் கேட்டார்.

"போனாலும் அங்கன திங்க ஆளிருக்காதுய்யா. அம்புட்டுப் பேரையும்தான் சார் போர்ல கொன்னுட்டாகளே" என்றார் அவருக்குப் பின்னால் இருந்தவர்.

என்னைப் 'போலந்துக்காரர்' என்று அழைக்கத் தொடங்கினார்கள். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. ஓர் உரையில், அலங்காரம் என்பது இறந்தவர்களுக்குச் செய்யப்படும் இரண்டாவது அவமதிப்பு என்று சொன்னேன். முன்வரிசையில் இருந்த என் கல்லூரித் தோழர் பலமாகக் கைதட்டினார். சிவகாசியில் அவருக்குப் பட்டாசுத் தொழிற்சாலையும் அச்சகமும் இருக்கின்றன. நாடகத்தைத் தம் அச்சகத்தில் அழகாக அச்சிட்டுத் தருவதாக மேடையிலேயே அறிவித்தார். அவருடைய தந்தையார், அந்தத் தொழிற்சாலையை நிறுவியவர், முதிர்ந்த வயதில் தம் படுக்கையில், உறக்கத்திலேயே இறந்தவர். அவருக்கும் இரங்கற்பா எழுதியவன் நான்தான்.

அந்த ஆண்டு தீபாவளி சீசன் நெருங்கியபோது தோழரின் தொழிற்சாலையில் வெடிவிபத்து நடந்தது. பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்தும் ஷெட் ஒன்று தரைமட்டமானது. உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. மறுநாள் நான் போய்ப் பார்த்தேன். தொழிலாளர்கள் சாப்பாட்டுப் பாத்திரத்தை ஷெட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. ஆகவே அவர்களுடைய தூக்குவாளிகள் எப்போதும்போல் வேப்பமரத்தடியில் வரிசையாக இருந்தன. அதற்குள் அதிகாரிகள் வந்து வாயிற்கதவுக்குச் சீல் வைத்துவிட்டார்கள். கம்பி வேலிக்கு வெளியே நின்றுதான் நான் பார்த்தேன்.

சில நாட்களில் தோழர் என் வீட்டுக்கு வந்தார்.

"ஏலே, செத்தவுக வீட்டுக்கெல்லாம் பதினாறாம் நாளுக்கு நம்ம கம்பெனி செலவுலயே பாட்டு அடிச்சுக் குடுக்கலாம்னு இருக்கேன். தங்க எழுத்து, ஆர்ட் பேப்பர். நம்ம வீட்டுப் பெரியவுகளுக்குச் செஞ்ச மாதிரியே செய்யணும். நீ எழுதிக் குடு."

"என்ன எழுத வேண்டும்?"

"உனக்கா சொல்லித் தரணும்? விதி, ஊழ், அப்படி இப்படின்னு போடு. கம்பெனி மேல யாரும் வருத்தப்படாத மாதிரி போடு."

நான் உள்ளே போய், முதல் நாள் எழுதி வைத்திருந்த தாளைக் கொண்டுவந்து கொடுத்தேன். அதில் மூன்று வரிகள் இருந்தன.

தூக்குவாளிகள் வேப்பமரத்தடியில் இருக்கின்றன
மூடியைத் திறக்க யாரும் வரவில்லை
ஷெட் இருந்த இடத்தில் ஷெட் இல்லை

அவர் கண்ணாடியை மாட்டி இரண்டு முறை படித்தார்.

"என்னலே இது, எப்.ஐ.ஆர். மாதிரி இருக்கு?"

"இறந்தவர்களுக்கு நான் எழுதக்கூடியது இதுதான்."

"எங்க அப்பாவுக்கு எழுதும்போது வானம், பூவு, நட்சத்திரம் எல்லாம் வந்துச்சு. கூலிக்காரன் செத்தா வாளியும் ஷெட்டுமா? பணக்காரனுக்கு ஒரு பாட்டு, ஏழைக்கு ஒரு பாட்டா? உன் போலந்துக்காரன் இதைத்தான் சொல்லிக் குடுத்தானா?"

இந்தக் கேள்வியை அவர் எனக்குக் காயம் ஏற்படுத்தவே கேட்டார். ஏற்பட்டது. ஆயினும் நான் வேறு எதுவும் எழுதித் தரவில்லை. தாளை மேசைமேல் போட்டுவிட்டு, தேநீரைத் தொடாமல் போய்விட்டார்.

பதினாறாம் நாள் கழிந்த மறுநாள் காலை, இறந்தவர் ஒருவரின் மனைவி தம் கொழுந்தனாருடன் என் வீட்டுக்கு வந்தார். பாட்டுத்தாள் ஒன்றின் அடியிலிருந்த என் பெயரைக் காட்டி முகவரியை விசாரித்திருக்கிறார். வாசலைத் தாண்டி உள்ளே வர மறுத்துவிட்டார். முந்தானையில் சுருட்டி வைத்திருந்த தாளை விரித்தார். பளபளப்பான தாள், தங்க எழுத்து.

"படிக்கத் தெரியும்யா எனக்கு. ஒம்பதாப்பு வரைக்கும் போயிருக்கேன்" என்று சொல்லிவிட்டு உரக்கப் படித்தார்.

வெடிமருந்துச் சாலையிலே விளங்கிநின்ற பெருந்தகையே
வடிவழகாய் வானத்தில் வண்ணமலர் ஆனாயே

தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

"எங்க வீட்டுக்காரு பூவா விரிஞ்சாரா? நீக பாத்தீகளா? நான் பாத்தேன். பொட்டலமாக் கட்டிக் குடுத்தாக. கைய வச்சு அடையாளம் சொன்னேன். அது என்ன பூவுய்யா? சொல்லுங்க. படிச்சவுகதானே, பேரு சொல்லுங்க."

"அம்மா, இதை நான் எழுதவில்லை."

"பேரு இருக்கே."

"பெயர் இருக்கிறது. நான் எழுதிக் கொடுக்கவில்லை."

கொழுந்தனார் அவர் தோளைத் தொட்டார். "வாங்க மயினி போவோம். பேரு போட்டுக் காசு வாங்கினவுக இல்லைன்னுதான் சொல்லுவாக."

அந்தப் பெண் போகவில்லை. கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார். "பாட்டு யாருக்குய்யா வேணும்? அவரு தூக்குவாளி அங்கனயே கெடக்கு. எங்க அம்மா சீரு குடுத்தது, என் பேரு வெட்டுனது. கேட்டா சீல் வச்சாச்சுங்காக. நீக முதலாளிக்கு வேண்டியவுகதானே. வாளியக் கேட்டு ரெண்டு வரி எழுதியிருக்கக் கூடாதா?"

தாளை என் வாசற்படியில் வைத்து, பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு கல்லையும் வைத்துவிட்டுப் போனார். இருக்கன்குடி மாரி இதைக் கேட்பாள் என்று கொழுந்தனார் தெருமுனையிலிருந்து சொன்னது என் காதில் விழுந்தது.

அவர்கள் போன பிறகுதான் தாளை முழுவதும் படித்தேன். அவர் படித்தபோது எங்கோ கேட்டவையாகத் தோன்றிய முதல் இரண்டு வரிகள் மட்டுமல்ல, எல்லா வரிகளும் எனக்குத் தெரிந்தவை. தோழரின் தந்தையாருக்காக நான் எழுதிய பாட்டு அது. ஒருமை பன்மையாகக்கூட மாற்றப்படவில்லை. பெருந்தகையே என்ற விளியின் மேல் இறந்தவர்கள் அனைவரின் படங்களும் நெருக்கமாக வைக்கப்பட்டிருந்தன.

அன்றே சிவகாசிக்குப் போனேன். அச்சகத்தில் வடிவமைப்பாளர் மறைக்க ஒன்றும் இல்லாதவராகப் பேசினார்.

"எப்பவும் இப்படித்தான் சார் செய்வோம். உங்க பாட்டு எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு. யாராவது அவசரமா ஆர்டர் குடுத்தா, பழசுல படத்தை மாத்திப் போட்டுருவோம். ஊருல பாதிப்பேரு வீட்டுல தொங்குறது அப்படித்தான். இதுக்கு மொதலாளி, அப்பாவுக்கு அடிச்சதையே எடுத்துப் போடுன்னாக. உங்க பேரு அதுலயே இருந்துச்சு."

எத்தனையோ வீடுகளில் எவருக்காகவோ எழுதிய என் பாட்டு வேறு எவருக்காகவோ அழுதுகொண்டிருக்கிறது என்பதை நான் அப்போதுதான் அறிந்தேன். அதற்கு அவர் ஒரு வருத்தமும் தெரிவிக்கவில்லை. நாள்காட்டி வேலை குவிந்திருக்கிறது என்று திரும்பிக்கொண்டார்.

தோழரை அவர் வீட்டுக் கூடத்தில் பார்த்தேன். அவருடைய தலைக்கு மேலே அந்தப் பாட்டு சட்டத்துக்குள் தொங்கியது. இரண்டு வேண்டுகோள்களை வைத்தேன். பாட்டு விபத்தில் இறந்தவர்களுக்காக எழுதப்பட்டதன்று என்று ஒரு மறுப்புத் தாள் அச்சிட்டு அதே வீடுகளுக்குக் கொடுக்க வேண்டும். அதிகாரிகளிடம் பேசித் தூக்குவாளிகளை வாங்கித் தர வேண்டும்.

"வாளியா? எல்லா வீட்டுக்கும் புது எவர்சில்வர் வாளி அனுப்பியாச்சு. கம்பெனி பேரு வெட்டி" என்றார்.

"அவர்கள் கேட்பது பழைய வாளி."

"நசுங்கின வாளிய வச்சு என்ன செய்யப் போறாக?" என்றார். "மறுப்புன்னு சொன்னியே, எதை மறுப்ப? நீ எழுதலையா? அந்தா தொங்குது, படிச்சுப் பாரு. எங்க அப்பாவுக்கு எழுதும்போது பொய்யாத்தான் எழுதுனியா? அவருக்குப் பொருந்துச்சுன்னா இவுகளுக்கும் பொருந்தும்லே. உனக்கும் செலவில்லை, எனக்கும் செலவில்லை. உன் நாடகத்தை அடுத்த மாசம் மிஷின்ல ஏத்துறேன். போ."

சிவகாசியில் வேறு அச்சகங்களில் என் செலவிலேயே மறுப்பை அச்சிடக் கேட்டேன். ஒருவர் நாள்காட்டி லோடு அனுப்பும் அவசரம், நேரமில்லை என்றார். ஒருவர் என் தோழர் தம் சம்பந்தி என்றார். ஒருவர் தாளைப் படித்துவிட்டுக் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

போலந்துக் கவிஞருக்கும் இது நேர்ந்தது என்பதை இங்கே குறிக்க வேண்டும். அவரை அவர் நாட்டுப் பள்ளிப் பாடநூல்கள் நம்பிக்கையின் கவிஞர் என்று புகழ்ந்தன. தாம் அப்படி எதையும் எழுதவில்லை என்று அவர் முதுமை வரை சொல்லிவந்தார். அதை அவருடைய பணிவு என்று உரையாசிரியர்கள் விளக்கினார்கள். முதல் முறை படித்தபோது எனக்கு இது வேடிக்கையாக இருந்தது.

எங்கள் கழகத்தின் ஆண்டு விழா வந்தது. தோழர் சிறப்பு விருந்தினர். செயலாளர் ஆண்டறிக்கை வாசித்தார். பட்டாசு விபத்தில் மறைந்த தொழிலாளர்களுக்காக நம் தலைவர் யாத்த இரங்கற்பா ஏழை எளியவர் இல்லங்களையும் சென்றடைந்தது என்றும், அதற்காகக் கழகம் அவருக்குப் பொன்னாடை போர்த்துகிறது என்றும் வாசித்தார். கைதட்டினார்கள். பொன்னாடையை ஏந்தி என் தோழர் என்னிடம் வந்தார்.

நான் ஒலிவாங்கியைப் பிடித்து, "அந்தப் பாட்டை அவர்களுக்காக நான் எழுதவில்லை" என்றேன்.

"சார் அடக்கமா சொல்லுதாக!" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது.

"அடக்கம் இல்லை. எழுதவில்லை."

தோழர் சிரித்துக்கொண்டே கூட்டத்தைப் பார்த்தார். "எழுதினது சார்தான். எங்க வீட்டுல மாட்டியிருக்கு, வந்து பாருங்க. எல்லாரும் சமம்னு நெனைச்சுத்தான் எங்க அப்பாவுக்குப் பாடினதையே தொழிலாளிக்கும் குடுத்திருக்காக. போலந்துக்காரரு மனசு அப்படி!"

மண்டபமே சிரித்துக் கைதட்டியது. பொன்னாடை என் தோளில் விழுந்தது. அதை எடுத்து நாற்காலியின் மேல் போட்டுவிட்டு மேடையை விட்டு இறங்கினேன். அதுவும் அடக்கம் என்று மறுநாள் பேசிக்கொண்டார்கள். மறுவாரம் அச்சகத்திலிருந்து நாடகத்தின் கையெழுத்துப்படியைத் திரும்ப வாங்கிவிட்டேன். தலைவர் பொறுப்பிலிருந்தும் விலகினேன். இரங்கற்பா கேட்டு வருகிறவர்களுக்கு அச்சகத்தின் முகவரியைக் கொடுத்துவிடுகிறேன். அங்கே எல்லாம் இருக்கிறது.

அந்தப் பெண்ணின் வீட்டுக்கு ஒரு முறை போனேன். புது எவர்சில்வர் வாளியில் ஆட்டுக்குக் கழனித்தண்ணீர் வைத்திருந்தார். என் மூன்று வரிகளைக் கொடுத்தேன். படித்தார்.

"வாளி அங்கன இருக்குன்னு எனக்கே தெரியுமேய்யா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

என்னைப் பற்றி ஊரில் இப்போது சொல்லப்படுவன மூன்று. முதலாளிக்காக அந்தப் பாட்டை எழுதினேன் என்பது ஒன்று. அதற்கு ஈடாக நாடகத்தை அச்சிட்டுக்கொண்டேன் என்பது மற்றொன்று. பணிவினால் மறுக்கிறேன் என்பது இன்னொன்று. மூன்றும் தவறு. அந்த வரிகள் என்னுடையவை. உறக்கத்தில் இறந்த ஒரு முதியவருக்காக, அவர் குடும்பம் கேட்டதன்பேரில் அவற்றை எழுதினேன். ஷெட்டில் இறந்தவர்களுக்கு நான் எழுதியது மூன்றே வரிகள். அவற்றில் பூ இல்லை. அவை அச்சாகவில்லை. நாடகமும் அச்சாகவில்லை.