கம்ப்யூட்டருக்குப் பிடித்த கிணறு

விழுப்புரத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில் மனிதர்களுக்கு ஃபேன். கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏ.சி. எண்பதுகளின் பின்பாதி அது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். மனு கொடுக்க வந்த விவசாயிகள் சிலர் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனதும் உண்டு. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. வெளிநாட்டில் பயிற்சி எடுத்துவிட்டு வந்த எங்கள் அதிகாரியே ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்தவர்தான்.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய்ப் பூமி இருந்தது. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து நிலத்தையெல்லாம் கட்டம் கட்டமாகப் பிரித்து, எங்கே மண், எங்கே பாறை, மழை எவ்வளவு உள்ளே இறங்கும், ஜனங்கள் எவ்வளவு இறைப்பார்கள் என்று கணக்காகப் போட்டு வைத்திருந்தார்கள். சிமுலேஷன் என்பார் அதிகாரி. நாளைக்கு இன்ன கிணற்றில் தண்ணீர் இன்ன மட்டத்தில் நிற்கும் என்று அது முன்கூட்டியே சொல்லும். அதைச் சோதிக்க நிஜக் கிணறுகள் சிலவற்றில் மிதவையை இறக்கி, மேலே ஒரு ஓயர்லெஸ் பெட்டியை வைத்திருந்தார்கள். பெட்டி அனுப்பும் மட்டம் வந்து சேர்ந்ததும் கம்ப்யூட்டர் தான் சொன்னதோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கும். வித்தியாசம் இருந்தால் தன் பூமியைத் தானே திருத்திக்கொள்ளும்.

“மத்த கம்ப்யூட்டர் எல்லாம் சொன்னதைச் செய்யும். இது தெனம் தெனம் பாடம் கத்துக்கும்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதிகாரி சொல்வார். எனக்கு அங்கே ஆபரேட்டர் வேலை. காலையில் எல்லாக் கிணறுகளிலிருந்தும் அளவு வந்துவிட்டதா என்று பார்த்து, கணக்கை ஓடவிட வேண்டும். அது சொல்வதை வைத்து ஊர்களுக்கு நிறம் அடிப்பார்கள். வெள்ளை என்றால் அடியில் தண்ணீர் தாராளம், போர் போடக் கடன் கிடைக்கும். கறுப்பு என்றால் கிடைக்காது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த நிறத்துக்குள்தான் எங்கள் வீடு இருந்தது.

எங்கள் ஊருக்குக் கிளியனூரில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும். கொஞ்சம் கழனி, மழையை நம்பிப் பயிரிடும் கொஞ்சம் மேட்டுக் கொல்லி, இரண்டுக்கும் நடுவில் ஒரு கிணறு. எங்களுடையது சமணக் குடும்பம், பரம்பரையாக விவசாயம். கிணற்றில் தண்ணீர் இருந்ததால்தான் நெல் நட்டோம், நான்கு பேர் எதிரில் நிமிர்ந்து நடந்தோம். அது வற்றினால் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அப்பாவுக்கு அந்தத் தண்ணீரைத் தவிர வேறு மரியாதை எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

எங்கள் பக்கத்துக்கு ஒரு கிணறு தேவைப்பட்டபோது, அதிகாரியே ஜீப்பில் போய் எங்கள் கிணற்றைத் தேர்ந்தெடுத்தார். பாதையோரத்தில் இருக்கிறது, அலுவலகத்துப் பெண்ணின் வீடு, பெட்டி திருடு போகாது. ஐப்பசி கார்த்திகை மழை முடிந்து கிணறு தளும்ப நின்ற நேரம். அலுவலக மெக்கானிக் மிதவையை இறக்கிவிட்டு அப்பாவிடம், “பெரியவரே, இது கவர்மெண்ட் சாமான். யாரும் தொடக் கூடாது, அதும்மேல ஒண்ணும் படக் கூடாது. உங்க பொறுப்பு” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். அப்பாவிடம் பொறுப்பு என்று ஒன்றைச் சொன்னால் போதும், அந்த மனிதர் தூங்க மாட்டார்.

அப்போது நான் விழுப்புரத்தில் அறை எடுத்துத் தங்கி, எப்போதாவதுதான் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன். பொங்கலுக்குப் போனபோது கழனி காய்ந்து கிடந்தது. நவரைப் பட்டத்து நடவு வேலை ஊரெல்லாம் நடந்துகொண்டிருக்க, எங்கள் கழனியில் மாடு மேய்ந்தது. மோட்டார் கொட்டகைக்குப் பூட்டு. அம்மா தூரத்தில் பங்காளி வீட்டுக் கிணற்றிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தாள்.

“இன்னாம்மா இது, நம்ம கெணத்துல தண்ணி இல்லியா?”

“தண்ணிக்கு இன்னா கொறைச்சல்? ரொம்பி நிக்குது. டப்பாவுக்கு வலிக்குமாம், உங்கப்பாவைக் கேளு. என் இடுப்பு வலிக்கிறது அவருக்குத் தெரியல” என்றாள் அம்மா.

டப்பா என்றது மிதவையை. எங்கள் வீட்டில் தண்ணீரை வடிகட்டாமல் குடிப்பதில்லை. வடிகட்டிய துணியை அலசி, அலசிய தண்ணீரை எடுத்த கிணற்றிலேயே திரும்ப ஊற்ற வேண்டும். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் துணியில் ஒட்டியிருக்கும்; அவை அவற்றின் இடத்துக்கே போய்ச் சேர வேண்டும். வேறு கிணற்றில் ஊற்றினால் பாவம். இப்போது ஊற்றினால் டப்பாவின் மேல் படுமே! அதனால் அப்பா குடிக்கிற தண்ணீரையே அந்தக் கிணற்றில் மொள்ளக் கூடாது என்று நிறுத்திவிட்டார். மோட்டாரையும் நிறுத்திவிட்டார்.

“உனுக்குத் தெரியாததா கண்ணு?” என்றார் என்னிடம். “மோட்டாரு போட்டா தண்ணி கெலங்குது. டப்பா சுத்திக்கினு போய் பைப்புல இடிக்குது. ரெண்டு தபா பாத்தேன். ஐயோ பாவம்னு நிறுத்திட்டேன். உள்ள ஒரு ஜீவன் இருக்கிற மாதிரி தானே அதுவும்? அதுவும் உன் ஆபீசு மெஷினு.”

அந்தப் பொய்ப் பூமியில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் கிணறு தினமும் கழனிக்குப் பாய்கிறது என்று ஆரம்பத்திலேயே சொல்லி வைத்திருந்தார்கள். இவ்வளவு இறைத்தும் மட்டம் இறங்கவில்லை என்றால் அடியில் எவ்வளவு ஊற்று இருக்க வேண்டும்? கம்ப்யூட்டர் ஒவ்வொரு நாளும் அதைத்தான் கற்றுக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்துப் பூமிக்கு அடியில் இல்லாத தண்ணீரை நாளுக்கு நாள் சேர்த்துக்கொண்டிருந்தது.

சாவியைப் பிடுங்கிக்கொண்டு போய் மோட்டாரைப் போட்டேன். தொட்டியில் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. அப்பா வேட்டியைத் தூக்கிக் கட்டியபடி ஓடி வந்து சுவிட்சை அணைத்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. “ஆபீசர் சாரே போன வாரம் வந்து பாத்தாரு. உங்க கெணறுதான் நம்பர் ஒன்னுன்னு சொல்லிட்டுப் போனாரு. அவர் வந்து போடுன்னு சொல்லட்டும், போடறேன். நீ சொல்லி நான் போட்டு, நாளைக்கி உன் வேலைக்கு ஒண்ணுன்னா?” என்றார். என் கையிலிருந்த சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் முதல் வேலையாக அதிகாரியின் முன்னால் போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“ஏம்மா, மெஷின் பொய் சொல்லுமா?”

“மெஷின் பொய் சொல்லல சார். எங்கப்பா மோட்டார் போடல. போட்டுக்கினு இருக்கார்னு நீங்க கணக்குல வெச்சிருக்கீங்க. நீங்க ஒரு வார்த்தை அவருக்குச் சொன்னா போட்டுடுவாரு சார்.”

“ஒருத்தர் மோட்டார் போடலன்னா ஒரு சிஸ்டமே தப்பாயிடுமா? அது தானா கத்துக்கிட்டு சரி பண்ணிக்கும். இருக்கிற கெணத்துலயே உங்க கெணறுதான் பெஸ்ட். கம்ப்யூட்டர் சொல்றதும் கெணறு சொல்றதும் அச்சு அசலா ஒத்துப்போகுது. மெட்ராஸ்லேர்ந்து பெரியவங்க பாக்க வர்றாங்க. இந்த நேரத்துல போய் அதை ஏன் டிஸ்டர்ப் பண்ணணும்?”

ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? தண்ணீர் அசையாமல் நிற்கிற கிணற்றில் நாளைக்கும் அதே மட்டம் என்று சொல்ல அவ்வளவு பெரிய மெஷின் எதற்கு? எங்கள் வீட்டு மாட்டைக் கேட்டால் சொல்லும். கேட்கிறவன் கேனையன் என்றால் கேப்பையில் நெய் வடிகிறது என்பார்களாம். இங்கே கேட்கிறவர்களும் படித்தவர்கள், சொல்கிறவரும் படித்தவர். மெட்ராஸ்காரர்கள் வந்தார்கள், ஏ.சி. அறையில் காபி குடித்தார்கள், தலையாட்டினார்கள். சித்திரையில் வரைபடம் வெளியானது. எங்கள் பக்கம் முழுவதும் வெள்ளை.

அதன்பிறகு கேட்க வேண்டுமா? கோடை முழுக்க ரிக் லாரிகள் வந்தன. வசதி உள்ளவர்கள், ஆளைப் பிடிக்கத் தெரிந்தவர்கள், எல்லோரும் போர் போட்டார்கள். எங்கள் கழனிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. வெள்ளை அடித்தது எங்கள் கிணற்றின் பேரைச் சொல்லி, உறிஞ்சியது ஊரான். பக்கத்து நிலத்துக்காரர் அப்பாவைப் பார்த்து, “உங்க கெணத்தைக் காட்டித்தான்யா எங்களுக்கு லோன் குடுத்தாங்க. நீங்க நல்லாருக்கணும்” என்று கும்பிட்டாராம். அப்பா அதை எனக்குச் சொல்லும்போது அவர் முகத்தில் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வெள்ளந்தி மனிதரிடம் எதைச் சொல்லிக் கத்துவது?

வரைபடம் வெளியானதோடு அதிகாரிக்கு எங்கள் கிணற்றின் மேல் இருந்த ஆசை தீர்ந்துவிட்டது. இனி மோட்டார் போட்டாலும் கவலையில்லை என்று, மெக்கானிக்கிடம் சொல்லி மிதவையைச் சுற்றி ஒரு கம்பிக்கூடு கட்டித் தந்தார். டப்பா இனி இடிக்காது என்று தெரிந்த பிறகுதான் அப்பா மோட்டாரைத் தொட்டார். மறுவருஷம் நவரைக்குக் கழனியை நட்டார். ஒரு வருஷம் பட்டினி போட்ட கழனிக்கு இந்த வருஷம் சேர்த்துப் போடப் போகிறேன் என்று நாற்றங்காலைப் பெரிதாகவே விட்டிருந்தார்.

மாசியில் கிணறு இறங்கத் தொடங்கியது. பங்குனியில் பயிர் கதிர் வாங்கும் சமயத்தில் மோட்டார் காற்றைத்தான் இழுத்தது. மிதவை சேற்றில் உட்கார்ந்துவிட்டது.

நான் அன்றாடம் அதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் முறையாக எங்கள் கிணறு உண்மையைச் சொல்லத் தொடங்கியிருந்தது. அப்போதுதான் கம்ப்யூட்டரின் இன்னொரு குணம் எனக்குத் தெரிந்தது. வருகிற அளவு, அது எதிர்பார்த்ததைவிட ரொம்ப விலகியிருந்தால், அந்த அளவை ஏற்றுக்கொள்ளாது. கருவி பழுது என்று அடித்துவிட்டு, தன் கணக்கையே வைத்துக்கொள்ளும். பெட்டி கெட்டுப்போய் தாறுமாறாக எதையாவது அனுப்பினால் பூமி கெட்டுவிடக் கூடாது என்பதற்காக எழுதி வைத்த விதியாம். பொய்யைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னபோது உட்கார்ந்து பாடம் படித்த மெஷின், உண்மையைச் சட்டென்று சொன்னதும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. எங்கள் கழனியில் கதிர் பால் பிடிக்காமல் காய்ந்துகொண்டிருந்த நாட்களில், அந்த ஏ.சி. அறைக்குள் எங்கள் கிணறு தளும்பிக்கொண்டிருந்தது.

அதிகாரியிடம் போனேன். “கெணறு நெஜமாவே வத்திப்போச்சு சார். நான் கண்ணால பாத்துட்டு வர்றேன்” என்றேன். “ஒரு வருஷத்துல அப்படி எல்லாம் வத்தாதும்மா. மிதவை எங்கயோ மாட்டிக்கிட்டிருக்கும்” என்றார். நேரில் வந்து பாருங்கள் என்றேன். மெக்கானிக்கை அனுப்பினார். மெக்கானிக் கிணற்றை எட்டிப் பார்த்தான். பார்த்தவனுக்குத் தெரியாதா? ஆனால் கழற்றிக்கொண்டு வா என்பதுதான் அவனுக்கு உத்தரவு. கழற்றிக்கொண்டு, “மெஷின் கெட்டுப்போச்சு பெரியவரே” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

இரண்டொரு நாள் கழித்து அப்பா விழுப்புரத்துக்கு வந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒருமுறைகூட அந்த அலுவலகத்துக்கு வராதவர். வெளுத்த வேட்டி, சட்டை. கையில் ஒரு பையில் மேட்டுக் கொல்லியில் விளைந்த மல்லாட்டை, வேர்க்கடலை. பயிர் போனதற்கு நியாயம் கேட்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அப்பாடா, இப்போதாவது கேட்கத் தோன்றியதே என்று எனக்கு ஒரு தெம்பு வந்தது. அவரைக் கூட்டிக்கொண்டு அதிகாரியின் அறைக்குப் போனேன்.

உள்ளே போனதும் அப்பா பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினார்.

“சாரு மன்னிக்கணும். எங்க கைல குடுத்த மெஷினைக் கெடுத்துட்டோம். கடைசி வரிக்கும் பத்திரமாத்தான் பாத்துக்கினு இருந்தேன். நான் ஆசைப்பட்டு மோட்டாரு போட்டேன் பாருங்க, அதுலதான் எங்கியோ கெட்டுப்போச்சு. பயிரும் தீஞ்சி போச்சு. எல்லாம் அந்தப் பாவந்தான்.”

“அப்பா, மெஷின் கெடல! நம்ம கெணறு வத்திப்போச்சு. அதைத்தான் அது சொல்லிச்சு. சாருக்கும் தெரியும், கேளு!” என்று கத்தினேன். வெளியே டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்தது கோபம் இல்லை, பயம். “சும்மா இரும்மா. பெரியவங்க முன்னாடி இன்னா சத்தம்?” என்று என் கையைப் பிடித்து அழுத்தினார். அதிகாரியிடம், “ஏதோ பயிர் போன வேதனை சார், பேசிட்டா. அவ வேலையை ஒண்ணும் பண்ணிடாதீங்க” என்றார்.

அதிகாரி என்னைப் பார்க்கவில்லை. “பரவாயில்ல பெரியவரே. போனது போகட்டும். இனிமே கவர்மெண்ட் சாமானை ஜாக்கிரதையா பாத்துக்குங்க” என்றார்.

“சரிங்க சார்” என்றார் அப்பா.