குப்பம்மாள் காட்டிய குழி

வந்த முதல் நாளே அந்த இளைஞன் கேட்டது மலத்தை. நோய் கண்ட ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு சட்டியில் எடுத்து, அதன் வாயில் துணி கட்டி, காலையில் வரிசையாக வைக்க வேண்டும் என்றான். அதைக் குப்பத்தாரிடம் தமிழில் சொல்ல வேண்டிய வேலை குப்பம்மாளுடையது. அவளுக்கு நாக்குப் புரளவில்லை.

"இன்னா கேக்கறான் தொரை?" என்றான் அவள் அண்ணன் செங்கல்வராயன். குப்பத்தின் பெரியதனம் அவனிடம் இருந்தது.

"நம்ம பீயைக் கேக்கறான்."

கூடியிருந்த பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். செங்கல்வராயன் காறித் துப்பினான். "இத்த வாங்கிக்கினு போவத்தான் ஏழு கடல் தாண்டி வந்தானா, கஸ்மாலம்!"

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம் அது. கோட்டைக்கு வடக்கே, நடந்தால் அரை நாழிகைத் தூரத்தில், ஏரிக்கரையில் இருந்தது அந்தக் குப்பம். நாற்பது குடிசைகள். அண்ணனுக்கும் குப்பம்மாளுக்கும் நடுவில் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை என்று, இவளைப் பிறந்ததும் குப்பையில் புரட்டி எடுத்துப் பெயர் வைத்தார்கள். இவள் தங்கினாள். கட்டியவன்தான் தங்கவில்லை. முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போய்விட்டான். பிறகு பதினைந்து வருடம் கோட்டைப் பக்கத்துத் தெருக்களில் கூடை சுமந்து மீன் விற்றாள். அங்கே சமையற்கட்டுகளில் புழங்கியது பறங்கிப் பேச்சு. மீனோடு மீனாக அதையும் அவள் கற்றுக்கொண்டாள். அதனால்தான் கோட்டையின் பெரிய வைத்தியர் இந்த இளைஞனுக்குத் துணையாக அவளை அனுப்பினார்.

இளைஞன் தன் தேசத்தில் வைத்தியம் படித்தவன். பட்டம் கைக்கு வரவேண்டுமானால் அயல்தேசத்தில் ஓர் ஊரில் தங்கி, ஒரு நோயைக் கண்ணால் பார்த்து எழுதிக் காட்ட வேண்டுமாம். பெரிய வைத்தியர் அதில் கையெழுத்துப் போடவேண்டுமாம். ஐப்பசி மழையோடு குப்பத்தில் வாந்தியும் கழிச்சலும் கிளம்பி, ஐந்து பேரைக் கொண்டுபோயிருந்தன. அவனுக்கு அது வசதியாகப் போயிற்று.

காடியில் நனைத்த பட்டுக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு அவன் குடிசை குடிசையாக நுழைந்தான். நாக்கை நீட்டச் சொன்னான். வயிற்றுத் தோலைக் கிள்ளி, அது எவ்வளவு நேரத்தில் படிகிறது என்று பார்த்தான். நோய் உள்ள வீட்டு வாசலில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டான். காலையில் சட்டிகளைத் திறந்து குச்சியால் கிளறி, நிறத்தை எழுதிக்கொண்டான். அவனோடு நின்று ஒவ்வொன்றும் எந்த வீட்டுச் சட்டி என்று சொல்லிவிட்டு, குப்பம்மாள் ஏரியில் இறங்கித் தலை முழுகுவாள். அப்படியும் கஞ்சி இறங்காது.

ஐந்தாம் நாள் அவள் அண்ணி லோகாம்பாள் படுத்தாள். விடிகாலையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவள், உச்சிப்பொழுதுக்குள் கண் குழிந்து, விரல் நுனியெல்லாம் துவைத்த துணி போலச் சுருங்கிக் கிடந்தாள். இளைஞன் வந்து, கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எதுனா மருந்து குடு தொரை," என்றாள் குப்பம்மாள்.

"மருந்து கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. நான் படிக்க வந்தவன். அதோடு, மருந்து கொடுத்தால் நோயின் போக்கு மாறிவிடும். நான் எழுதுவது பிழையாகும்."

அவள் காதில் விழுந்தது சரிதானா என்று மறுபடி கேட்டாள். அதையே மறுபடி சொன்னான். பொழுது சாயும் முன் லோகாம்பாள் அடங்கிவிட்டாள். அவன் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு, "முதல் கழிச்சல் எத்தனை மணிக்கு என்று கேட்டுச் சொல்," என்றான். செங்கல்வராயன் துடுப்பை எடுத்தான். குப்பம்மாள் குறுக்கே விழுந்து தடுத்தாள். துரை மேல் ஓர் அடி விழுந்தால் சிப்பாய்கள் வந்து குப்பத்தையே கொளுத்துவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் இளைஞனின் முகத்தைப் பார்க்கும்போது, அழுகிய திருக்கையை மிதித்தது போல அவள் உடம்பு கூசியது.

அண்ணியை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போதுதான் அவள் அதைக் கவனித்தாள். சுண்ணாம்புக் கோடு எல்லாம் மேற்கு வரிசையில் இருந்தது. கிழக்கு வரிசையில் ஒரு வாசலிலும் கோடு இல்லை. செங்கல்வராயன் கூட்டம் இருந்த மேற்கு வரிசைக்குத் தண்ணீர் மேற்கு ஊற்றில். கிழக்கு வரிசை, ஆதிகேசவன் கூட்டம், குடிப்பது வேறு ஊற்று. ஏரியில் வலை போடும் முறை, அதாவது பாடு, யாருக்கு எந்த நாள் என்ற சண்டையில் இரண்டு வரிசைக்கும் மூன்று வருடமாகப் பேச்சில்லை.

மறுநாள் இளைஞனிடம் இதைச் சொன்னாள். அவன் குறிப்பேட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். முதல் தடவையாகக் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தான்.

"அந்த ஊற்றுக்கு மேலே என்ன இருக்கிறது?"

"வா, காட்டறேன்."

ஊற்றுக்கு மேற்கே மணல்மேட்டில் சுப்பராயலுவின் விடுதி இருந்தது. கப்பலுக்குக் காத்திருக்கும் மாலுமிகள் தங்கிக் குடித்துக் கிடக்கிற இடம். அதன் பின்புறம், தாழங்காட்டுக்குள் இருவரும் நுழைந்தார்கள். வாளி வாளியாக அறுபது பேரின் கழிவைக் கொட்டிய குழி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மேலே பச்சையாக ஆடை கட்டி, அதன் மேல் ஈ கருப்பாக அப்பிக் கிடந்தது. புழு நெளிந்தது. குழியின் விளிம்பிலிருந்து ஒரு கசிவு மணலுக்குள் இறங்கி, கீழே ஊற்றை நோக்கிப் போனது. இளைஞன் தாழம்புதரைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருவது போல வாந்தி எடுத்தான்.

குப்பம்மாளுக்கு வாந்தி வரவில்லை. 'இத்தத்தானே இவ்ளோ நாளா குடிச்சிகினு இருந்தோம்' என்று நினைத்தபோது, தொண்டையிலிருந்து வயிறு வரை தன் உடம்பையே கழற்றிக் கழுவ வேண்டும் போல இருந்தது.

"எழுதிவிடுகிறேன்," என்றான் அவன், வாயைத் துடைத்தபடி. "எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். குழியை மூட உத்தரவு வரும்."

அவள் நம்பினாள். அதுதான் அவள் செய்த தப்பு. கோட்டையிலிருந்து உத்தரவு வரப்போகிறதே, அதற்குள் எதற்கு ஆதிகேசவன் வாசலில் போய் நின்று தண்ணீருக்குக் கையேந்துவது என்று இருந்துவிட்டாள். அண்ணனும் அதையே சொன்னான். பதினோரு நாள் போயிற்று. மேற்கு வரிசையில் இன்னும் நான்கு பேர் போனார்கள்.

பன்னிரண்டாம் நாள் மீன் கூடையோடு பெரிய வைத்தியர் வீட்டுக்குப் போனாள். சுப்பராயலுவின் மாடி வீடுதான் அது. வாடகை இல்லாமல் வைத்தியரைக் குடிவைத்திருந்தான். இளைஞன் வாசலில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான்.

"எழுதினியா தொரை?"

"எழுதிக் கொடுத்துவிட்டேன். கையெழுத்தும் ஆயிற்று."

"குழியப் பத்தி இன்னா எழுதின?"

அவன் கயிற்றை இறுக்கினான். "குழி... அது வேண்டாம் என்று பெரியவர் சொன்னார். ஏரியின் கெட்ட காற்று, மீன் உணவு, ஜனங்களுடைய அசுத்தம், இவைதான் காரணம் என்று எழுதச் சொன்னார். கையெழுத்து இல்லாவிட்டால் நான் வைத்தியன் ஆகமுடியாது. உனக்குப் புரிகிறதா?"

"அசுத்தம் யாருது?"

அவன் கயிற்றை அவிழ்த்துப் பெட்டியைத் திறந்து ஒரு புதுப் பட்டுக் கைக்குட்டையை எடுத்து நீட்டினான். "நீ நிறைய உதவி செய்தாய்."

குப்பம்மாள் அவன் கையைப் பார்த்தாள். சுத்தமான கை. நகத்தில்கூட அழுக்கில்லை. குழியருகே வராத வாந்தி அப்போதுதான் அவளுக்கு வந்தது. அந்த வாசற்படியிலேயே எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "பேமானி," என்றாள். அதற்குப் பறங்கிப் பேச்சில் என்ன வார்த்தை என்று அவள் தேடவில்லை.

அவனைவிடத் தன் மேலேயே அவளுக்கு அருவருப்பு அதிகமாக இருந்தது. தினமும் சட்டிகளை எடுத்துக் கொடுத்தவள் அவள். பதினோரு நாள் காத்திருந்தவளும் அவள்தான். வழியெல்லாம் அந்த நான்கு பேரின் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தாள். குப்பத்துக்குள் நுழைந்ததும் மண்வெட்டியை எடுத்து மேற்கு ஊற்றில் மணலைத் தள்ள ஆரம்பித்தாள். செங்கல்வராயன் ஓடி வந்தான்.

"தண்ணிக்கு இன்னா பண்றது குப்பு?"

"ஆதிகேசவன்கிட்ட போ."

"செத்தாலும் போவ மாட்டேன்."

"செத்துக்கினுதான் இருக்கோம்ணா!"

அவனும் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டான். ஊற்றை மூடி மேலே முள்ளை வெட்டிப் போட்டபின், குப்பம்மாள் காலிக் குடத்தோடு கிழக்கு வரிசைக்குப் போனாள். ஆதிகேசவன் வழியை மறித்து நின்றான்.

"பாடு மொறையில எங்கள ஏமாத்தினப்ப தெரியலையா? இப்ப இன்னாத்துக்கு வந்த?"

"எங்க வரிசையில பத்து பேரு போய்ட்டாங்க. உன் பாடையத் தூக்கவும் நாலு பேரு வேணும், ஆதிகேசவா. நாங்க எல்லாரும் போனப்புறம் எவன் வருவான்?"

ஆதிகேசவன் அவள் குடத்தைப் பார்த்தான். "குடம் கழுவிட்டு மொள்ளு," என்று சொல்லி விலகினான்.

தை பிறப்பதற்குள் கழிச்சல் நின்றது. சுப்பராயலுவின் குழி அப்படியே இருந்தது. இளைஞன் வைத்தியனாகிக் கப்பலேறிப் போனான். குப்பம்மாள் அதன்பின் கோட்டைப் பக்கம் கூடை எடுத்துப் போகவில்லை. காட்டூருக்குப் போனாள். விடியலில் கிளம்பினால் வெயில் ஏறும்போதுதான் போய்ச் சேரலாம். அங்கே உழவர் வீட்டுப் பெண்கள் மீனுக்கு நெல் அளந்தார்கள். முழங்கால் வலித்தது. இருந்தாலும் அந்தத் தெருக்களின் சோற்றைவிட இந்த வலி மேல் என்பாள்.

அடுத்த ஆனியில், தண்ணீர் வற்றியபோது, கிழக்கு ஊற்றுக்காக இரண்டு வரிசைக்கும் மறுபடி அடிதடி வந்தது. செங்கல்வராயனுக்கு மண்டை உடைந்தது. குப்பம்மாள் இரண்டு பக்கத்தையும் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, யார் மேல் இடித்தாலும் பார்க்காமல் உள்ளே புகுந்து தன் குடத்தை நிரப்பிக்கொண்டு போனாள்.