நண்டுத் தொரை அளந்த தலைகள்

என் மகனுடைய மகள் கம்பஸில் படிக்கிறாள். போன மாதம் லீவுக்கு வந்தவள், ஹட்டன் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு குட்டிப் போத்தலைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்தாள். கிருமி சாகுமாம். அந்த ஸ்பிரிட் வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குக் காதுக்கு மேலே இரண்டு பக்கமும் சில்லென்றது. வாசத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். எனக்கு இப்போது அவசர வேலை ஒன்றும் இல்லை.

தேத்தண்ணி குடித்துக்கொண்டே அவள் போனில் எதையோ வாசித்தாள். மனிதன் எப்படி மனிதனானான், ஊருக்கு ஊர் உடம்பு ஏன் மாறுகிறது என்று ஆராய்கிறவர்கள் வெளிநாட்டில் ஒரு பத்திரிகை நடத்துகிறார்களாம். எந்தக் காலத்தில் எதைப் பற்றி அதில் அதிகம் எழுதினார்கள் என்று ஒருவர் கணக்கெடுத்திருக்கிறார்.

"மொதல்ல எலும்பு, மண்டை, ஒடம்பு அளவு. பொறகு கல்யாணம், புள்ள வளக்கிறது. இப்ப எச்சில், ரத்தம், கம்பியூட்டர், அப்பாயி" என்றாள்.

"தெரியும். மொத ரெண்டு ரகத்து ஆளுகளும் நம்ம லயத்துக்கு வந்துட்டுத்தான் போனாங்க."

நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தாள். முன்பு ஒரு கட்டுரைக்கு ஒருவர் பேர் இருக்குமாம், இப்போது ஏழெட்டுப் பேர் இருக்குமாம், யார் பேர் முன்னால் என்று சண்டையும் வருமாம். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் முன்னால் நிற்பதற்கு நாங்கள் போடாத சண்டையா? படித்தவர்களுக்கும் அது உண்டு என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

எழுபதுகளில், பேக்கரியில் பாணுக்குக் கியூவில் நின்ற காலம் அது. பொகவந்தலாவைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். பெரிய துரையின் பங்களாவில் தங்கினார். அவரிடம் ஒரு நீளக் கம்பும், நண்டுக் கால் மாதிரி வளைந்த ஓர் இரும்பும் இருந்தன. கம்பு உயரத்துக்கு, இரும்பு தலைக்கு. ஒவ்வொரு தலைக்கும் முன்னால் அந்த இரும்பை ஸ்பிரிட்டில் துடைப்பார், காதுக்கு மேலே வைத்தால் சில்லென்றிருக்கும். நண்டுத் தொரை என்ற பேர் அன்று பொழுது சாய்வதற்குள் எல்லா லயத்து வரிசை வீடுகளுக்கும் போய்விட்டது.

பொம்பளைகளின் தலையை அந்நிய ஆம்பளை தொடுவதா என்று பேச்சு வந்தது. அதனால் பொம்பளைகளுக்கு அளவு பிடிக்க என்னை வைத்தார்கள். சிரிக்காமல் நிற்கக்கூடியவள் அந்த மலையிலேயே நான் ஒருத்திதான் என்று எங்கள் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா சொன்னாராம். எழுத்து எனக்கு மூன்றாம் வகுப்போடு நின்றது. எண் மட்டும் நன்றாக வரும். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசைப் பார்க்கத் தெரியாதவள் பிழைக்க முடியாது. நான் உரக்கச் சொல்வேன், பள்ளிக்கூடத்து அந்தோனி வாத்தியார் எழுதுவார். நான் சொன்ன சத்தம் பக்கத்து டிவிசனுக்கும் கேட்டதாகப் பேசிக்கொண்டார்கள். கேட்டிருக்கும்.

எதற்கு இந்த அளவு என்று வாத்தியார் ஒருநாள் விளக்கினார். நம் பாட்டன்மார் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அங்கேயே தங்கிப்போன சனத்தையும் துரை அளந்திருக்கிறார். இந்தக் குளிரில் பிறந்து வளர்ந்ததால் நம் உடம்பு மாறியிருக்கிறதா, இல்லை அப்படியே இருக்கிறதா என்று பார்க்கிறார்.

அவர் சொன்னது அவ்வளவுதான். அது எந்தக் காலம் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டு கவர்மெண்டும் ஒப்பந்தம் போட்டு, இந்தியாவுக்குப் போகிறவர் யார், இங்கே இருப்பவர் யார் என்று வீட்டுக்கு வீடு பிரித்துக்கொண்டிருந்த காலம். உடம்பு மாறியிருந்தால் இங்கே இருக்கலாம், மாறாவிட்டால் கப்பல் என்று சனம் முடிவு கட்டிவிட்டது. அடுத்த நாள் மடுவத்து வாசலில் தலைக்கு எண்ணெய் வைத்து, வெளுத்த சேலை கட்டி அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள்.

இதில் ஒரு சங்கடம். எப்படி ஏமாற்றுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"ஒசரமா இருந்தா இந்தியாவா, கட்டையா இருந்தா இந்தியாவா?"

"எனக்கு என்னாடி தெரியும். நீ பாதிக் குதிகாலத் தூக்கு."

என் நிரைக்குப் பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கும் லெச்சுமியும் வரிசையில் நின்றாள். அவள் அப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார், அவள் பேரும் அதில் சேர்ந்து போயிருந்தது. அவளுக்குப் போக மனமில்லை. கதிர்காமத்துக்குப் போனபோது வெயில் தாங்காமல் விழுந்தவள் அவள். "அங்க போனா வெந்துருவேன் அக்கா" என்று மலையில் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் சொன்னால் சிரிப்பு வரும். அவள் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

அவள் முறை வந்தது. கம்பைப் பிடித்தேன், உயரத்தைச் சொன்னேன். நண்டை எடுப்பதற்குள் அவள் துரையைப் பார்த்துத் திரும்பிவிட்டாள்.

"தொர, எனக்கு ஒண்ணு சொல்லுங்க. நான் இந்த ஊரு ஆளா, அந்த ஊரு ஆளா?"

வாத்தியார் தயங்கித் தயங்கி இங்கிலீசில் சொன்னார். துரைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சிவந்தது. ஒருவர் தலையை வைத்து எதுவும் சொல்ல முடியாது, எல்லாரையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

"அப்ப எல்லாரையும் சேத்து அனுப்பிருவீங்களா?"

வரிசை முழுவதும் முன்னால் நெருங்கி வந்தது. துரை பதறிப்போய், இது கவர்மெண்டு வேலையே இல்லை, ஒரு பத்திரிகைக்கு எழுதத்தான் என்று வாத்தியாரை விட்டுச் சொல்லச் சொன்னார்.

"பத்திரிகையில படிக்கிறவங்க என்னா செய்வாங்க?"

வாத்தியார் கேட்டுச் சொன்னார். "படிச்சிட்டு, இன்னொருத்தர் இன்னொண்ணு எழுதுவாராம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். லெச்சுமி சிரிக்கவில்லை. பயம் போனதில் மற்றவர்களுக்கு நிம்மதி. அவளுக்கு மட்டும் இருந்த ஒரு வழி போய்விட்டது. எண்ணெய் வைத்த தலையோடு அவள் லயத்துக்கு நடந்தாள், வரிசையும் அவள் பின்னாலேயே கலைந்தது. மறுநாள் அளக்க ஆள் வரவில்லை. ஒன்றுக்கும் உதவாத அந்த அளவுக்காக எதற்கு அரை நாள் சம்பளப் பேரை விடுவது? துரை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அளந்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ லெச்சுமியின் குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் போகச் சொல்லித் தாள் வந்தது. ஹட்டன் ஸ்டேசன் வரைக்கும் போனேன். கோச்சி ஜன்னலில் அவள் அழவில்லை. "வெயில் எப்பிடின்னு சொல்லி அனுப்புறேன்" என்றாள். சொல்லி அனுப்பவில்லை.

எண்பதுகளில் ஆராய்ச்சிக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தார், நோனா என்போம். மெட்ராசில் கற்ற தமிழ், கேட்க நன்றாக இருக்கும். கம்பு இல்லை, நண்டு இல்லை, கேள்வி மட்டும். முறை மாமனைக் கட்டினாயா, பிள்ளைக்கு எவ்வளவு காலம் பால் கொடுத்தாய், நீ மலைக்குப் போனால் பிள்ளையைத் தூக்கினது யார்.

"லெச்சுமி. பெரியவன அவதான், பிள்ளைகள விட்டுட்டுப் போற பிள்ளைக் காம்பராவுலருந்து தூக்கிட்டு வருவா."

"உங்களுக்கு என்ன உறவு?"

"பக்கத்து நெரைக்காரி."

அம்மா, மாமியார், அக்காள், தங்கை என்று அவர் தாளில் இடம் இருந்தது. பக்கத்து நிரைக்காரிக்கு இல்லை. பேனா அடுத்த கேள்விக்குப் போனது.

நண்டுத் தொரையைத் தெரியுமா என்று கேட்டேன். அவர் எழுதியதை வாசித்திருக்கிறாராம். "தெளிவா ஒண்ணும் தெரியலை, இன்னும் நிறைய பேரை அளக்கணும்னு முடிச்சிருந்தார். இப்போ தலையை அளந்து எழுதினா எங்க பத்திரிகையில போடமாட்டாங்க."

"ஏங்க, வெடை கெடைச்சிருச்சா?"

"இல்லைம்மா. கேள்வி பழசாயிடுச்சு."

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. உடைகளில் ஒரு காலத்துக்கு ஒரு மோஸ்தர் வருவதுபோல அவர்களுக்கும் இருக்கும். அன்று வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் அதற்குள் கடலுக்கு அந்தப் பக்கம் போயிருந்தார்கள். மீதிப் பேரில் இப்போது நான் இருக்கிறேன், எனக்குத் தெரிந்து வேறு யாரும் இல்லை. லெச்சுமி கோத்தகிரிப் பக்கம் தேயிலையிலேயே வேலை செய்து செத்துப்போனதாக, அங்கிருந்து வந்த ஒருவர் சொன்னார். அங்கேயும் குளிராம். கேட்டபோது ஆறுதலாக இருந்தது.

அவள் உயரத்தை நான்தான் சத்தம் போட்டுச் சொன்னேன். அந்த எண் எனக்கு மறந்துவிட்டது. பக்கத்தில் நின்றால் என் காது மடலுக்கு வருவாள், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் நானும் இப்போது கூனிப்போய்விட்டேன். என்னை வைத்தும் இனி அவளை அளக்க முடியாது.