முருகனிடம் கேட்ட கெமிஸ்ட்ரி டீச்சர்

நம் ருவைஸ் பஜனைக் குழுவின் அன்பர்கள் அனைவருக்கும், வெளியூரிலிருந்து இதைப் படிக்கும் முருக பக்தர்களுக்கும் என் வணக்கம். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

போன ஜனவரியில் ஒரு நாள், பள்ளியிலிருந்து வந்த என் மகள் கயல் பையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் விழுந்து அழுதாள். அவளுடைய கெமிஸ்ட்ரி டீச்சர் வேலையை விட்டுவிட்டாராம். அவர் கணவருக்கு வேறு நாட்டில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். வளைகுடாவில் இது நடப்பதுதான். ஆனால் கயல் எடுத்திருந்தது சாதாரண கெமிஸ்ட்ரி இல்லை. கல்லூரி முதல் வருடத்தில் படிக்க வேண்டிய பாடத்தைப் பள்ளியிலேயே படித்து, மே மாதம் அமெரிக்கத் தேர்வு எழுத வேண்டும். "பிள்ளைகள் இனி தாங்களாகவே படிக்கட்டும், முடியாதவர்கள் மாதக் கடைசிக்குள் விலகிக்கொள்ளலாம்" என்று பள்ளியிலிருந்து செய்தி வந்தது.

கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்க வேண்டும் என்பது கயலின் சின்ன வயது ஆசை. விலகினால் அந்த வருடம் அவளுக்குக் கெமிஸ்ட்ரியே கிடையாது. வெளிநாட்டுக் கல்லூரி எதற்கு விண்ணப்பித்தாலும் "ஏன் பாதியில் விட்டாய்?" என்று கேட்பார்கள். அதைவிட எனக்குப் பயம் தந்தது அவளுடைய முகம்தான்.

"ஐ காண்ட் டூ திஸ், அம்மா. எனக்கு மூளையே இல்ல" என்றாள். சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுவாள்.

நான் படித்தது பி.காம். என் கணவர் இங்கே ருவைஸ் எண்ணெய் சுத்திகரிப்பு பிளாண்டில் இன்ஜினியர். அப்போது ஷட்டவுன் நேரம். பிளாண்டை நிறுத்திவைத்துப் பழுது பார்க்கும் அந்த வாரங்களில் அவர் வீட்டுக்குத் தூங்க மட்டும்தான் வருவார். ஒரு விடுமுறை நாளில் மகளுக்குச் சொல்லித்தர உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் கத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். "கெமிஸ்ட்ரியிலதான் சம்பாதிக்கிறேன், ஆனா கெமிஸ்ட்ரி மறந்துபோச்சுடி" என்று என்னிடம் பாவமாகச் சொன்னார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

முருகனைப் பிடித்துக்கொண்டேன். தினமும் விளக்கேற்றி, "அப்பா, ஒரு டீச்சரை அனுப்பு" என்று கெஞ்சினேன். செவ்வாய்க்கிழமை விரதம் இருந்தேன். அபுதாபி போய்த் தனி டியூஷன் வைக்கலாம் என்றால் போய்வரவே ஒரு நாள் போய்விடும். ஆன்லைனில் ஒருவரைப் பிடித்தோம். அவர் பேசிய வேகத்தில் கயல் இன்னும் குழம்பிப்போனாள். மாதக் கடைசி நெருங்கிக்கொண்டே இருந்தது. முருகன் வாயே திறக்கவில்லை.

நம் பஜனை வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஆரத்திக்கு முன் ஒவ்வொருவரும் அவரவர் வேண்டுதலை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நாமும் வாராவாரம் என்ன சொல்வோம்? "எல்லாரும் நல்லா இருக்கணும்." அவ்வளவுதான். வீட்டுக் கவலையைச் சொன்னால் ஞாயிறு போய்த் திங்கள் வருவதற்குள் அது வீட்டுக்காரர்கள் வழியாக பிளாண்டுக்கே போய்விடும் என்ற பயம் நம் எல்லோருக்கும். அதிலும் நான், கயல் இந்தப் பாடத்தில் சேர்ந்தபோது பஜனைக்குக் கேசரி கிண்டிக்கொண்டு வந்து பெருமையடித்தவள். எந்த முகத்தோடு சொல்வேன்?

அந்தச் சனிக்கிழமை என் முறை வந்தது. "எல்லாரும்…" என்று ஆரம்பித்தேன். அத்தனை பேர் முன்னால் உடைந்து அழுதுவிட்டேன்.

"முருகா, என் பொண்ணு கெமிஸ்ட்ரியில தவிக்கிறா. சொல்லித்தர ஆள் இல்ல. எங்களுக்கு என்ன பண்றதுன்னே தெரியல" என்றேன்.

பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏன் அக்கா இவ்வளவு நாளும் சொல்லேல்லை? நான் இருக்கிறனே. பிள்ளையை என்னட்ட விடுங்கோ."

வதனி. யாழ்ப்பாணத்துப் பெண். கெமிஸ்ட்ரியில் பட்டம் வாங்கி, இங்கே ஒரு பிளாண்டின் லேபில் வேலை பார்ப்பவள். வாராவாரம் என் பக்கத்தில் உட்கார்ந்து திருப்புகழ் பாடியிருக்கிறாள். நான் சுண்டல் கொடுத்திருக்கிறேன். சுற்றிப் பார்த்தால் அந்த அறையில் பாதிப் பேர் கெமிஸ்ட்ரி படித்தவர்கள். இந்த ஊரே கெமிஸ்ட்ரியில்தானே பிழைக்கிறது! அவர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு, கண்ணை இறுக மூடி டீச்சர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன் நான். முருகன் தலையில் அடித்துக்கொண்டிருப்பான்.

கயல் விலகவில்லை. டூட்டி இல்லாத நாட்களில் வதனி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். புத்தகத்தைத் திறக்கவே மாட்டாள். "வெயிலுக்க காருக்குள்ள விட்ட சோடாப் போத்தல், திறந்த உடனை ஏன் சீறுது? சொல்லு பாப்பம்" என்று ஆரம்பிப்பாள். மனப்பாடம் செய்தே பழகிய என் பெண் யோசிக்கத் தொடங்கினாள். தப்பாகச் சொன்னாலும் வதனி சிரிப்பாள், திட்ட மாட்டாள். ஒரு நாள் சமையலறையில் இருந்த எனக்குக் கயல் சிரிக்கிற சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். அன்றைக்கே என் வேண்டுதல் நிறைவேறிவிட்டது என்றுதான் சொல்வேன்.

மே மாதம் தேர்வு எழுதினாள். ஜூலையில் முடிவு வந்தது. ஐந்துக்கு நான்கு. நான் ஐந்துதான் கேட்டிருந்தேன், ஒளிக்க மாட்டேன். ஆனால் கயல் குதித்த குதியில் எனக்கு அந்த ஒன்று நினைவுக்கே வரவில்லை. இப்போது அவள் கெமிக்கல் இன்ஜினியரிங் முதல் வருடம் படிக்கிறாள்.

முடிவு வந்த அன்று பாயசத்தோடு வதனியின் அறைக்குப் போனேன். அவள் கணவரும் குழந்தையும் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு தடவைதான் லீவு. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டது.

"எனக்கு நன்றி சொல்லாதேங்கோ அக்கா. லீவு நாளில என்ரை கதவைத் தட்ட ஒருத்தரும் இல்லாமல் கிடந்தனான். போய்வர ஒரு வீட்டைக் காட்டு எண்டு நானும் முருகனிட்டைத்தான் கேட்டனான். எனக்கும் வாய்விட்டுச் சொல்ல வெக்கம்."

அதற்குப் பிறகு வதனி விடுமுறை நாளில் தனியாகச் சாப்பிட்டதில்லை. நான் பஜனையில் "எல்லாரும் நல்லா இருக்கணும்" என்று மட்டும் சொல்லி நிறுத்துவதுமில்லை. என் கவலை எதுவோ அதைச் சொல்கிறேன். யார் வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும்.

அன்பர்களே, அவன் கேட்கிறான். நம்பிக் கேளுங்கள். ஆனால் கொஞ்சம் சத்தமாகவே கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காதிலும் விழட்டும்.