வயலினுக்கு ஒரு புள்ளி

அந்தத் தாள் இப்போது என் கையில் இருக்கிறது. அப்பியாசக் கொப்பியிலிருந்து கிழித்த ஒற்றைத் தாள். நடுவே அடிமட்டம் வைத்து இழுத்த நீலக் கோடு. இடப்பக்கம் மட்டக்களப்பு, வலப்பக்கம் சென்னை. எதை எழுதினாலும் மேல்மூலையில் திகதி போடுவது என் பழக்கம். ஆகவே அது வைகாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று என்று இப்போதும் தயங்காமல் சொல்வேன். ஓர்ஸ் ஹில் என்ற மேட்டிலிருக்கும் எங்கள் வீட்டு முன்னறையில், துறைமுகம் தெரியும் யன்னலோரம் இருந்து எழுதினேன். எதிர்க் கதிரையில் தங்கச்சி இருந்தாள்.

அந்த வாரம் அவளுக்கு இரண்டு கடிதங்கள் வந்திருந்தன. சென்னையில் ஓர் இசைக்கல்லூரி, வயலின் படிக்க முழுப் புலமைப்பரிசிலோடு அழைத்திருந்தது. மட்டக்களப்பிலோ வயலினுக்கு இடங்கள் நிரம்பிவிட்டன, வாய்ப்பாட்டுக்கு வரலாம் என்றிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் அனுப்பவேண்டும். அப்பா அதற்கு முந்திய வருடமே காலமாகிவிட்டார். "நீ படிச்சவன், நீயே யோசிச்சுச் சொல்லு" என்று அம்மா என்னிடம் விட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

நான் அப்போது அரச அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த எழுதுவினைஞன். எந்த விஷயத்தையும் வரிசைப்படுத்தினால் நியாயம் தானாகத் தெரிந்துவிடும் என்று உறுதியாக நம்பியவன். பதினொரு வரிசைகள் எழுதினேன். வீட்டுக்கு வந்துபோகும் வசதி, விடுதிச் சாப்பாடு, விசா, அம்மாவுக்குச் சுகமில்லாவிட்டால் வந்துசேர எடுக்கும் நேரம் என்று போயிற்று. ஒவ்வொரு வரிசையிலும் எந்தப் பக்கம் நல்லதோ அதற்கு ஒரு புள்ளி. ஒன்பதாவது வரிசை, விரும்பிய வாத்தியம்.

தங்கச்சி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "எனக்குக் கல்யாணம் பேசேக்கையும் இப்பிடித்தானோ அண்ணா? மாப்பிள்ளையின்ரை மீசைக்கு ஒரு புள்ளி, மூளைக்கு ஒரு புள்ளி?"

பிறகு ஒன்பதாவது வரிசையில் அவள் கண் நின்றது. "வயலினுக்கும் ஒரு புள்ளிதானோ?"

"எல்லாத்துக்கும் ஒண்டுதான். ஒண்டுக்கு மட்டும் கூடப் போட ஏலாது. அது நியாயமில்லை."

அவள் வாதாடவில்லை. அவளுடைய இடக்கை விரல்கள் கதிரையின் கைச்சட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அழுந்திக்கொண்டிருந்தன. புள்ளிகளை எண்ணிப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

மட்டக்களப்புக்கு ஆறு, சென்னைக்கு ஐந்து. "ஓம், அப்ப சரி" என்றாள். திங்கட்கிழமை காலை இரண்டு பதில்களையும் நானே தபாற்கந்தோரில் கொடுத்தேன்.

அவள் நன்றாகத்தான் பாடினாள். பட்டம் பெற்று, புல்மோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சங்கீத ஆசிரியையானாள். விடிய பஸ் ஏறுவாள். மாலையில் வந்து தேத்தண்ணியோடு அந்தக் கதிரையிலேயே இருப்பாள். வயலின் அலுமாரிக்கு மேலே ஏறியது. மட்டக்களப்பில் படித்த முதல் இரண்டு வருடமும் விடுமுறைகளில் இறக்கி வாசித்தாள். பிறகு இறக்கவில்லை. உப்புக்காற்றில் பசை விட்டு அதன் கழுத்து கழன்றபோது, திருத்தக் கொடுப்போம் என்றேன். "இனி என்னத்துக்கு அண்ணா" என்றாள். குறை சொல்லும் குரலே இல்லை. அதனால் நானும் அதைக் குறையென்று எடுக்கவில்லை.

போன மாசியில், மூன்று மாத நோய்க்குப் பிறகு, அவள் போய்விட்டாள்.

இன்று அவளுடைய சான்றிதழ்களை ஒழுங்குபடுத்தும்போது இந்தத் தாள் கிடைத்தது. என் கையெழுத்துத் தாளை அவள் இத்தனை காலமும் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். யன்னலோரம் இருந்து மறுபடி கூட்டிப் பார்த்தேன். ஆறும் ஐந்தும்தான். கூட்டலில் பிழை இல்லை.

நிமிர்ந்தபோது எதிரே அவளுடைய கதிரை. இடக்கைச் சட்டத்தில் மட்டும் வார்னிஷ் தேய்ந்து வெறும் மரம் தெரிகிறது. விரலகலத்தில் பக்கம் பக்கமாக நான்கு தடங்கள். வயலின் தந்தியில் விரலை அழுத்தி இழுப்பதுபோல, நான்கும் நீளவாட்டில் தேய்ந்திருக்கின்றன.