கைமேல் உட்காரும் அக்கா

இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்துகொள்கிறார் அக்கா. பக்கத்தில் ஒருவர் எங்கள் மருத்துவமனையின் இணையதளத்தில் எதையோ தேடித் திணறிக்கொண்டிருக்கிறார். "வாயைக்கூட அடக்கிடலாம். இந்த விரல் இருக்கே, சொன்ன பேச்சு கேக்காது. 'இதோ இங்க'ன்னு காட்டிக் கொடுத்துடும்" என்பார்.

தளத்தைத் தேடி யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள் என்று கண்டுபிடிப்பது எங்கள் இணையக் குழுவில் அவர் வேலை. அதற்காகக் காலை முழுக்க வரவேற்பறையில் நோயாளிகளோடு நிற்பார். முழங்கால் வலியில் ஒருபக்கம் சாய்ந்து நிற்பதைப் பார்த்து, காவலாளி மூன்று முறை சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். மூன்றாம் முறை அக்கா ஏறி உட்கார்ந்தே விட்டார். "இதுல உக்காந்தாத்தான் கவுன்ட்டர் எவ்வளவு உயரம்னு தெரியுது."

வீட்டிலும் இதே கதைதான். புது வாஷிங் மெஷின் முன்னால் கணவர் இருபது நிமிடம் விழித்துக்கொண்டு நின்றபோது, பின்னால் நின்று குறிப்பெடுத்தாராம். "வந்து சொல்லித் தொலையேன்" என்று அவர் கத்தியதையும் எழுதிக்கொண்டாராம்.

புதிய இணையதளம் திறக்க நான்கு நாள் இருந்தது. மருத்துவமனைத் தலைவரே எங்கள் சோதனையைப் பார்வையிட வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முதல் பக்கத்தின் உச்சியில் 'எங்கள் பார்வை' என்றொரு பட்டன். அழுத்தினால் தலைவரின் படமும் செய்தியும் வரும். அந்தப் பெயரை வைத்தவன் நான்தான்.

வரவேற்பறையிலிருந்து ஒரு தையல்காரரை அழைத்து வந்தார் அக்கா. கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பைக் கழற்ற மறந்திருந்தார் மனிதர். அம்மாவுக்குக் கண் காட்ட வேண்டும். கடையைப் பூட்டிவிட்டு இரண்டு முறை வந்தும் டாக்டர் இல்லை.

"கண் டாக்டர் என்னைக்கு இருப்பாருன்னு இதுல பாருங்கண்ணே. பரீட்சை உங்களுக்கு இல்ல, எங்களுக்கு."

திரையை மேலும் கீழும் பார்த்த தையல்காரரின் முகம் மலர்ந்தது. 'எங்கள் பார்வை'யை அழுத்தினார். திரை முழுக்கத் தலைவர் சிரித்தார்.

"இவர்தானா கண் டாக்டர்? நல்ல ராசியான முகம்" என்று சொல்லித் திரும்பியவர், பின்வரிசையைப் பார்த்துத் துள்ளி எழுந்தார். "டாக்டர்! இங்கேயே இருக்கீங்களா!"



"நான் டாக்டர் இல்லப்பா" என்றார் தலைவர்.

தையல்காரர் கூனிக் குறுகிவிட்டார். "மன்னிச்சிடுங்க. எனக்குப் படிப்பு பத்தாது."

"படிப்பெல்லாம் பத்தும். நாங்க எழுதினதுதான் பத்தல!" அக்கா குரலை உயர்த்தி அன்றுதான் கேட்டேன். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

தலைவர் தன் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "என்னை அடியில போடுங்க. இவர் கேட்டதை மேல போடுங்க."

அக்கா தையல்காரரைக் கண் பிரிவுக்குத் தானே கூட்டிப் போய் நாள் குறித்துக் கொடுத்தார். தன் போன் நம்பரையும் கொடுத்தார். நான்கு நாளும் நாங்கள் நிமிரவில்லை. உச்சியில் 'இன்று இருக்கும் டாக்டர்கள்' என்று தளம் திறந்தது.

இரண்டு வாரம் கழித்து அக்காவின் போன் அடித்தது.

"அம்மா, தையக்கடைக்காரன் பேசுறேன். எங்கம்மாவை மறுபடி காட்டக் கிளம்பினேன். கண் டாக்டர் இன்னைக்கு லீவுன்னு போட்டிருக்கு. அதனால கடையைப் பூட்டல, நான் வரல."

"வரலையா!" அக்கா எழுந்தே நின்றுவிட்டார். "அண்ணே, அதை இன்னொரு தரம் சொல்லுங்க" என்று ஸ்பீக்கரைப் போட்டு, எல்லா மேசைக்கும் கேட்கும்படி போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.